துவக்கு விசை

வவுனியாவில் நான் இறங்கியபோது பையில் அம்மாவின் இரண்டு புடவைகளும், மூன்று பொட்டலம் கோத்தகிரித் தேயிலையும், மூன்று துண்டாகக் கழற்றி வேட்டியில் சுற்றிய ஒரு விதைப்புக் கருவியும் இருந்தன. இலங்கைக்கே தேயிலை கொண்டுவருகிறாயா என்று கொழும்பில் சுங்க அதிகாரி சிரித்தார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரச்சாமான் என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார். அவ்வளவுதான் சோதனை என்று நினைத்துக்கொண்டு ரயிலில் நன்றாகத் தூங்கினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அக்காவைப் பார்த்து இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது. மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கல்யாணமாகியிருந்த செல்லம்மா அக்கா மட்டும் தங்கிவிட்டாள். அவளும் அத்தானும் எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வன்னிக்குப் போய், ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டிக் காணியாக்கிக் குடியிருந்தார்கள். 2001 ஆவணியில், அம்மா இறந்த செய்திக்குப் பதிலாக அக்காவின் கடிதம் வந்தது.

"அம்மாவின்ட முகத்தை ஒருக்காப் பாக்கக் குடுத்து வைக்கேல்ல. இஞ்ச இவருக்கு ஷெல் பட்டு ஒரு கை போயிட்டுது. மண்வெட்டி பிடிக்க ஏலாது. இந்த மாரிக்கு விதைக்காட்டி, சும்மா கிடக்கிற காணி எண்டு இடம்பெயர்ந்த ஆக்களுக்குப் பிரிச்சுக் குடுத்திடுவினம். அவையளும் பாவம். ஆனா நாங்கள் எங்க போறது?"

ஒரு கையால் விதைக்க ஒரு கருவி. அதுதான் நான் கொண்டுபோனது.

அந்தக் கருவியைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது குன்னூரில் ஒரு தனியார் பட்டறையில் தேயிலை இயந்திரங்களின் பாகங்களை வரைகிறவன். அதற்கு முன்பு பதினொரு வருடம் ஓர் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வரைவாளனாக இருந்தேன். அங்கே ஒரு தடவை வெளிநாட்டு மாதிரி ஒன்று வந்தது. புல்பப் என்று சொல்வார்கள். சாதாரணத் துப்பாக்கியில் குண்டுகள் அடைத்த மகசின் விசைக்கு முன்னால் இருக்கும். இதில் மகசினும் சுடுகிற பொறியும் விசைக்குப் பின்னால், தோளில் சாய்க்கும் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் குழலின் நீளம் குறையாமல் துப்பாக்கி மட்டும் ஒரு சாண் குட்டையாகிவிடும். வண்டிக்குள்ளும் புதருக்குள்ளும் இடிக்காது. பாரம் முழுக்க முழங்கைப் பக்கம் வந்துவிடுவதால் ஒரு கையாலேயே தாங்கலாம்.

ஒரு கை என்று அக்கா எழுதியதும் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மரத்தில் உடல், அதில் கைப்பிடி, விரலுக்கு ஒரு விசை. விதைப் பெட்டி பின்னால், முழங்கைக்கடியில். விசையை அழுத்தினால் நீளமான கம்பி ஒன்று பின்னால் போய்ப் பெட்டியின் வாயைத் திறக்கும். விதை குழாய் வழியாக மண்ணுக்குள் விழும். கூடுதலாக வரும் விதை வெளியே தெறிக்க வலப்பக்கம் ஒரு சன்னல். அதுவும் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா வெளியேறும் சன்னலைப் பார்த்து வைத்ததுதான். கொல்லச் செய்ததை விதைக்கத் திருப்பிவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

நிலையத்தில் இராமையா அத்தான் காத்திருந்தார். அக்காவின் கணவர். கைக் காயத்தை வவுனியா ஆஸ்பத்திரியில் காட்ட வந்தவர், என்னையும் அழைத்துக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. முழுக்கைச் சட்டை போட்டு, தோளில் துவாய் போர்த்தியிருந்தார். "மச்சான், நீ கொம்மாவை உரிச்சு வச்சிருக்கிறாய்" என்றார். எந்தக் கை இல்லை என்று முதல் சந்திப்பிலேயே உற்றுப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

போராளிகளின் கையிலிருந்த வன்னியிலிருந்து வருகிறவர்கள், இராணுவத்தின் கையிலிருந்த வவுனியாவில் நிற்கப் பாஸ் வேண்டும். ஒரு நாள் பாஸ், மூன்று நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ் என்று அது மனிதர்களைத் தரம் பிரிக்கிறது. அத்தானுடையது வியாழக்கிழமை நாலு மணியோடு முடிகிற பாஸ். அதற்குப் பிறகு ஊருக்குள் நின்றால் பிடித்துக்கொண்டு போவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் பஸ் டிக்கெட்டைக்கூட நாங்கள் அப்படிக் காப்பாற்றுவதில்லை.

சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் வந்தன. சொதியில் தேங்காய்ப் பால் தாராளம். நான் அள்ளிச் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். அத்தான் கதிரையைத் திருப்பி, சுவரைப் பார்க்க உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். அடுத்த மேசைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தான் இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனது வலக்கை.

எடுத்த இடியப்பத்தைத் தட்டிலேயே போட்டேன். நான் கருவியை வலக்கைக்குச் செய்திருந்தேன். ஒரு கை இல்லை என்றால் மிச்சம் இருப்பது சாப்பிடுகிற கைதான் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. இடக்கையில் பிடித்தால் அந்தச் சன்னல் ஆளின் பக்கம் திரும்பிவிடும். புல்பப்பின் பெரிய குறையே அது. இடக்கைக்காரன் சுட்டால் சூடான வெற்றுத் தோட்டா அவன் கன்னத்திலேயே வந்து அடிக்கும். அந்தக் குறையையும் சேர்த்தே நான் நகல் எடுத்திருந்தேன்.

அறைக்கு வந்து கருவியைப் பூட்டிக் காட்டினேன். அத்தான் இடக்கையில் பிடித்து ஒரு பிடி பயறு போட்டு அழுத்திப் பார்த்தார். இரண்டு விதை குழாய்க்குள் போயின, நாலு விதை சட்டைக்குள் விழுந்தன. நெளிந்துகொண்டே சிரித்தார். "பறுவாயில்லை மச்சான். இதை மற்றப் பக்கம் மாத்தினால் சரிதானே. என்னால தனிய விதைக்கேலும். செல்லம் பாத்தால் அழுதிடுவா."

மறுநாள் ஒரு தச்சுப் பட்டறையைத் தேடிப் போனோம். வழியில் நாலு காவலரண். ஒவ்வொன்றிலும் அடையாள அட்டை, பாஸ், என் பாஸ்போர்ட். நீலகிரியில் யானை நிற்கிற பாதையில் போகும்போது இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவோம். இங்கே மக்கள் அப்படியே சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

தச்சர் துணியை ஒரு முனையில் தூக்கிப் பார்த்தார். உடனே மூடினார். கடைக் கதவையும் பாதி சாத்தினார்.

"அண்ணை, இதை இஞ்சால ஏன் கொண்டந்தனீங்கள்?"

"விதைக்கிற கருவிங்க. ஒரு சன்னலை இந்தப் பக்கம் மாற்ற வேண்டும்."

"நீங்கள் விதைக்கிறதெண்டுறியள். றோட்டில நிக்கிறவையில கொஞ்சப் பேர் புதுச் சாமான் வச்சிருக்கினம், பாக்கேல்லையே? மகசின் பின்னுக்கு. அச்சொட்டா இதுதான். தயவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கோ. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

ஆயுதத்தை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாமான் என்கிறார்கள். நான் அங்கே இருந்த இரண்டு நாளில் துப்பாக்கிக்கு அந்த ஊர்ச் சொல்லை மட்டும் யார் வாயாலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பியிருப்பேன்.

கருவியை வவுனியாக் குளத்தில் போட்டுவிடலாம் என்றேன். அத்தான் கருவியை மறுபடி வேட்டியில் சுற்றினார். பிறகு, "இது இல்லாட்டி நான் வெறுங்கையோட போறன். அதுவும் ஒரு கை" என்றார். என்னிடம் வரைபடம் இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் அழகான தமிழில் பெயர் எழுதியிருந்தேன். யாராவது கேட்டால் படத்தை நீட்டிவிடலாம், விளங்கிவிடும் என்று நானே தைரியம் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பிய பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. மாற்று டயர் இல்லை. ஓட்டுநர் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு டயர் தேடிப் போனார். மரத்தடியில் பக்கத்தில் உட்கார்ந்த, கண்டாவளை என்ற ஊர்ப் பெண் ஒருத்தி பனங்கட்டியை உடைத்து எங்களுக்கும் நீட்டினாள். "கடிச்சுக்கொண்டிருங்கோ. நேரம் போறது தெரியாது." எனக்கு நேரம் போவது மட்டும்தான் தெரிந்தது. அத்தான் பாஸை எடுத்துப் பார்த்தார், மடித்து வைத்தார், மறுபடி எடுத்தார். சோதனைச் சாவடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை.

அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நீளமான வெற்றுத் தெரு. அதைத் தாண்டினால் வன்னி. "செல்லம் அங்கால சைக்கிளோட நிப்பா. விடியவே வெளிக்கிட்டிருப்பா" என்றார் அத்தான். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கானல் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கானலுக்கு அந்தப் பக்கம் என் அக்கா நிற்கிறாள்.

வரிசை நகர்ந்தது. கண்டாவளைப் பெண்ணின் சவர்க்காரக் கட்டிகளை இரண்டிரண்டாக வெட்டிப் பார்த்தார்கள். மணிக்கூட்டிலிருந்து பற்றரியைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அரிசிப் பைக்குள் கம்பி போனது. பிறகு எங்கள் முறை.

வேட்டியை விரித்த சிப்பாய் ஓரடி பின்வாங்கினான். யாரையோ கூப்பிட்டான். ஓர் அதிகாரியும், தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரும் வந்தார்கள். நான் பாஸ்போர்ட்டையும், வன்னிக்குப் போகக் கொழும்பில் வாங்கிய அனுமதிக் கடிதத்தையும் நீட்டி, கேட்பதற்கு முன்பே வரைபடத்தையும் விரித்துக் கொடுத்தேன். எவ்வளவு ஆர்வம் எனக்கு!

பொலிஸ்காரர் விரலை வைத்து வாசித்தார். "விதைப் பெட்டி. சரி. குழாய். சரி. கைப்பிடி..." தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் அடுத்த சொல்லில் நின்றார். மறுபடி வாசித்தார், இந்தத் தடவை சத்தமாக.

"துவக்கு விசை."

மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. துப்பாக்கிக்குச் சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். வரிசை எங்களை விட்டு விலகியது. நாலைந்து குழல்கள் எங்கள் பக்கம் திரும்பின. அத்தானை முழந்தாளில் இருத்தினார்கள். "கையைத் தூக்கு! ரெண்டு கையையும்!" என்று பின்னாலிருந்து கத்தல். அத்தான் இடக்கையைத் தூக்கினார். "மற்றக் கை! மற்றக் கையை எடு!"

"இல்லை ஐயா. மற்றது இல்லை."

அவர்கள் நம்பவில்லை. அத்தான் துவாயை உதறி, தொங்கிய சட்டைக் கையைப் பல்லால் கடித்து மேலே இழுத்துக் காட்டினார். கட்டுப் போட்ட மொட்டை முழங்கை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"துவக்கு என்றால் எங்கள் ஊரில் தொடங்கு என்று அர்த்தம்" என்று கத்தினேன். "எங்கள் பட்டறையில் எல்லா இயந்திரத்திலும் பச்சைப் பொத்தான் மேல் அப்படித்தான் எழுதியிருக்கும். துவக்கு, நிறுத்து. அவ்வளவுதான் சார்."

பொலிஸ்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "பிறந்த இடம் மஸ்கெலியா எண்டு கிடக்கு. இஞ்ச பிறந்த உங்களுக்குத் துவக்கு எண்டால் என்னெண்டு தெரியாதோ?"

தெரியும். தோட்டத்துத் துரை பன்றி சுடக் கொண்டுபோனதைத் துவக்கு என்றுதான் நானும் சொன்னேன், ஒன்பது வயது வரை. பிறகு கோத்தகிரிப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பயந்து மாற்றிக்கொண்டேன். மாற்றியது மறந்தே போய்விட்டது. "மறந்துவிட்டேன்" என்றேன். சொன்ன எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

அதிகாரி மேசைக்கு வந்தார். அவர் தோளில் அந்தப் புது மாதிரித் துப்பாக்கிதான் இருந்தது. அதைக் கழற்றி, மகசினை எடுத்துவிட்டு, மேசையில் என் கருவிக்குப் பக்கத்தில் வைத்தார். கைப்பிடிக்குக் கைப்பிடி. பின்னால் பெட்டிக்கு மகசின். வலப்பக்கம் சன்னலுக்குச் சன்னல். அதிகாரி சிங்களத்தில் கேட்டதைப் பொலிஸ்காரர் தமிழில் சொன்னார்: "சொல் மாறிவிட்டது என்கிறாய், சரி. இதுவும் மறதியா?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. தற்செயல் என்று சொல்லலாம். சொன்னால் நான் வெளிநாட்டுக்காரன், திருப்பி அனுப்புவார்கள். அத்தானை யார் திருப்பி அனுப்புவார்கள்? அவர் முழந்தாளில், தூக்கிய கையோடு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்றேகால்.

"இல்லை. துப்பாக்கியைப் பார்த்துத்தான் செய்தேன்" என்றேன். "பதினொரு வருடம் துப்பாக்கி வரைந்தவன் நான்."

பொலிஸ்காரருக்கே அதை மொழிபெயர்க்க மனமில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நான் நிறுத்தவில்லை. பாரம் ஏன் பின்னால் வருகிறது, ஒரு கை மனிதனுக்கு அது ஏன் உதவும், விசையிலிருந்து பின்னால் போகும் நீளக் கம்பியால் விசை ஏன் தொளதொளவென்று இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். பேசும்போதே அதிகாரியின் முகம் கண்ணில் பட்டது. இடது கன்னத்தில், வாய்க்குப் பக்கத்தில், சின்னச் சின்னத் தீப்புண் தழும்புகள். பேனாவை இடக்கையில் வைத்திருந்தார்.

"நீங்கள் இடக்கைக்காரர். அந்தத் தழும்பு இதனால் வந்தது. இந்தக் கருவியிலும் அதே குறை இருக்கிறது. பெட்டியில் அன்று போட்ட பயறு மிச்சம் இருக்கிறது, அழுத்திப் பாருங்கள்."

அவர் கருவியை எடுத்துப் பழக்கத்தில் இடத்தோளில் சாய்த்தார். குழாயைத் தரைக்குத் திருப்பி அழுத்தினார். இரண்டு பயறு மண்ணில் விழுந்தன. ஒன்று அவர் கன்னத்தில், தழும்புக்கு நேராகப் பட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். முழந்தாளில் இருந்த அத்தானின் கையைப் பார்த்தார்.

"இவனுக்கும் இடக்கைதானே. பிறகு ஏன் இப்படிச் செய்தாய்?"

"கேட்காமல் செய்துவிட்டேன்" என்றேன். அன்று நான் சொன்னதிலேயே அவர் உடனே நம்பியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அத்தானை எழும்பச் சொன்னார். கருவியிலிருந்து விசையை மட்டும் கழற்றி, வரைபடத்தோடு சேர்த்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மிச்சத்தைக் கொண்டுபோகலாம், அவன் போகலாம் என்றார். நான் பையைத் தூக்கினேன். அவர் கையைக் குறுக்கே நீட்டி, ஆங்கிலத்தில் நேராக என்னிடமே சொன்னார்: "நீ போக முடியாது. துப்பாக்கி வரையத் தெரிந்த ஒருவனை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு நான் என்ன பதில் சொல்வேன்?"

அவர் நிலையில் நின்றிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்ததால் வலி குறையவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றி அத்தான் முதுகில் வேட்டியால் கட்டினேன். புடவைகளையும் தேயிலையையும் பையில் போட்டுத் தோளில் மாட்டினேன். வலப்பக்கச் சன்னலை அடைத்து இடப்பக்கம் வெட்டுங்கள் என்று அவசரமாகச் சொன்னேன்.

"விளங்கிட்டுது மச்சான். அந்தாளின்ட கன்னத்தில பட்டதைப் பாத்தனான்தானே." தோளைத் தட்டினார். "செல்லத்துக்கு என்ன சொல்ல?"

தேயிலையைக் கொதிக்க வைக்காமல் ஊற்றிக் குடிக்கச் சொல்லுங்கள் என்றேன். இருபத்தேழு வருடம் கழித்து அக்காவுக்கு நான் சொல்லி அனுப்பியது அதுதான். அவர் அந்த வெற்றுத் தெருவில் நடந்தார். ஒரு பக்கம் சாய்ந்த நடை. கானலுக்குள் போய் மறையும் வரை நின்றேன். பிறகு ஒரு சிப்பாய் என்னை பஸ் பக்கம் போகச் சொன்னான்.

மார்கழிக் கடைசியில் கோத்தகிரிக்கு அக்காவின் கடிதம் வந்தது. உறை பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. அத்தான் சைக்கிள் பிரேக் பிடியைக் கழற்றி விசையாக்கிவிட்டாராம். சன்னலைத் தகரத்தால் அடைத்து, மற்றப் பக்கம் வெட்டினாராம். அன்று இருட்டும் வரை, உன்னை விடுவார்கள் விடுவார்கள் என்று ரோட்டிலேயே நின்றேன் என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த வரியில் ஒரு சொல்லை யாரோ கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். "ரெண்டு மழை விழுந்த கையோட அவர் தனிய நிண்டு விதைப்பை" என்பதற்குப் பிறகு கறுப்பு.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மைக்கு அடியில் அக்காவின் குண்டு எழுத்து தெரிந்தது. துவக்கியாச்சு. வேண்டுமென்றே எழுதியிருக்கிறாள். கதையை அத்தான் சொல்லியிருப்பார். என்னைச் சீண்டாமல் அவளால் இருக்க முடியாது. சிரித்தேன், பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வரியை யாரும் அடிக்கவில்லை. "காணி எங்களோடதான். பயறு முளைச்சிட்டுது. நீ எப்ப வாறாய்?"